அலியா, லூயிஸா? களரித் திண்ணையில் ஒரு வழக்கு

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆசானின் களரிக்கு, அதாவது அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைப் பயிலும் களத்துக்கு, கூரை கிடையாது. மழை பெய்தால் செம்மண் வழுக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் பாதி நாள் திண்ணையில்தான் கழியும். அப்படி ஒரு மாலையில் தொடங்கிய வழக்கு இது. குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் (மிகை எடைப் பிரிவு) வீரர்களில் எக்காலத்துக்கும் பெரியவர் முகம்மது அலியா, ஜோ லூயிஸா?

இளம் பிள்ளைகள் எல்லோரும் அலி பக்கம். லூயிஸின் பெயரையே பலர் கேள்விப்பட்டதில்லை. அந்த ஆதங்கத்தினாலேயே நான் லூயிஸுக்காக வாதாடினேன்.

என் முதல் சான்று, இன்றுவரை யாரும் எட்டாத ஒரு கணக்கு. 1937 ஜூன் 22 அன்று ஜேம்ஸ் பிராடக்கை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார் லூயிஸ். 1949 மார்ச்சில் தானாகவே அதைத் துறக்கும்வரை, பதினோரு ஆண்டுகளும் எட்டு மாதங்களும் அது அவரிடமே இருந்தது. இடையில் 25 முறை பட்டத்தைக் காத்தார். எதிராளிகளில் பலர் சாதாரணமானவர்கள் என்று குறை சொல்வார்கள். சிலர் அப்படித்தான். ஆனால் அரசன் தன் நாட்டுக்கு வந்த படையோடுதானே போரிட முடியும்? வந்தவர்களில் ஒருவரையும் அவர் தட்டிக்கழிக்கவில்லை.

இரண்டாவது சான்றுக்குக் கைப்பேசியை எடுத்தேன். மாக்ஸ் ஷ்மெலிங்குடன் அவர் மோதிய இரண்டாவது சண்டை. 1938, யாங்கி ஸ்டேடியம். 1936இல் இதே ஷ்மெலிங்கிடம் 12ஆவது சுற்றில் தோற்றிருந்தார் லூயிஸ். இடக்கையால் குத்திவிட்டு அந்தக் கையைத் தாழ்த்தும் பழக்கம் அவருக்கு இருந்தது; ஷ்மெலிங் அதைக் கண்டுபிடித்து, அந்த இடைவெளியில் வலக்கையை இறக்கிக்கொண்டே இருந்தார். இரண்டு ஆண்டுகளில் லூயிஸ் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு வந்தார். மறுபோட்டி இரண்டு நிமிடம் நான்கு விநாடியில் முடிந்தது.

ஆசானுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. குத்துச்சண்டை விதிகள் அவருக்குத் தெரியாது. ஆனால் படத்தைக் கட்டைவிரலால் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். முகங்களை அவர் பார்க்கவே இல்லை. முன்கால், பின்கால், இடுப்பு, அவ்வளவுதான். கயிற்றோடு ஒட்டி நின்ற ஷ்மெலிங் உடலைத் திருப்பும்போது பக்கவாட்டில் ஒரு குத்து விழும். அங்கே நிறுத்தினார். என்னைத் திரும்பச் சொல்லி, விலாவுக்குக் கீழே முதுகை ஒட்டிய ஓர் இடத்தில் இரண்டு விரல்களை வைத்து லேசாக அழுத்தினார். மூச்சு அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சண்டையில் ஷ்மெலிங்கின் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது என்று நான் பிறகு சொன்னபோது, அவருக்கு அது புதிய செய்தியாகவே இல்லை. லூயிஸின் குத்து ஒரு சாண் தூரம்கூடப் பயணிப்பதில்லை. பலம் முழுவதும் தரையிலிருந்து எழுந்து இடுப்பு வழியாக வருகிறது. அடிமுறையில் எங்களுக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லித்தருவதும் இதைத்தான்.

அடுத்து அலி. இங்கே ஆசானின் முகம் சுருங்கியது. கைகள் இடுப்பருகே தொங்குகின்றன. குத்து வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கிறார். எங்கள் களரியில் இப்படி நின்றால் சிலம்பக்கம்பு பேசும். அந்தத் தவறுக்கு அலி விலையும் கொடுத்திருக்கிறார். 1963இல் ஹென்றி கூப்பரும், 1971 மார்ச் 8 அன்று ஜோ ஃபிரேசியரும் இடக்கை வீச்சால் அவரைத் தரையில் கிடத்தினார்கள். இளமையில் அவரைக் காப்பாற்றியது கால்தான். அந்த எடையில் அப்படி ஒரு சுவடு, அதாவது காலடி நகர்வு, வேறு யாரிடமும் இருந்ததில்லை.

அந்தக் கால்களின் மிகச் சிறந்த காலம்தான் பறிபோனது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967இல் பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றரை ஆண்டுகள் அவர் மேடை ஏறவில்லை. லூயிஸோ 1942இல் ராணுவத்தில் சேர்ந்தவர். சண்டையில் கிடைத்த பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தவர். இதை வைத்து ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர் பட்டத்தை இழந்தார். மற்றவர் வரிக்கடன் துரத்த, ஓய்வுக்குப் பிறகும் மேடை ஏறி, 1951இல் ராக்கி மார்சியானோவிடம் அடிபட்டுச் சரிந்தார்.

என் கட்சி ஆட்டம் கண்டது 1971 சண்டையின் கடைசிச் சுற்றில். ஃபிரேசியரின் குத்தில் அலி மல்லாந்து விழுகிறார். கால்கள் மேலே போகின்றன. தாடை வீங்கியிருக்கிறது. பதினைந்தாவது சுற்று, உடலில் மிச்சம் எதுவும் இருக்க நியாயமில்லை. ஆனால் விழுந்த வேகத்திலேயே எழுந்து நிற்கிறார். அன்று தோற்றார், அது உண்மை. ஆசான் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். "மக்களே, இவன் விழும்போதே எழும்புகிறான், பார்" என்றார்.

பிறகு ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரம், 1974 அக்டோபர் 30. எதிரே ஜார்ஜ் ஃபோர்மேன்: 40 சண்டை, தோல்வியே இல்லை. ஃபிரேசியரை இரண்டு சுற்றுகளில் ஆறு முறை கிடத்தியவர். அலியின் தாடையை உடைத்த கென் நார்ட்டனையும் இரண்டே சுற்றில் முடித்தவர். 32 வயது அலிக்குப் பழைய கால் இல்லை. அதனால் கயிற்றில் சாய்ந்து, அடியை வாங்கி, ஃபோர்மேனின் கைகளைக் களைக்க வைத்து, எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். லூயிஸ் ஓர் ஓட்டையை அடைத்தார். அலியோ தன் முதல் ஆயுதமான கால் கைவிட்ட பிறகு இன்னொரு சண்டைக்காரனாகவே மாறினார். அலி வென்ற சோனி லிஸ்டன், ஃபிரேசியர், ஃபோர்மேன் என்ற வரிசைக்கு ஈடாக லூயிஸின் பட்டியலில் ஆட்கள் இல்லை.

இருவரும் நேருக்கு நேர் நின்றிருந்தால்? 1941இல் பில்லி கான் என்பவர் இதற்கு விடை காட்டிவிட்டார். லூயிஸைவிட ஏறக்குறைய 25 பவுண்டு எடை குறைந்தவர்; நகர்ந்துகொண்டே இருந்து, 12 சுற்றுகள் முடியும்போது புள்ளியில் முன்னால் நின்றார். ஆசைப்பட்டு நின்று மோதியதால்தான் 13ஆவது சுற்றில் விழுந்தார். கானைவிட உயரமும் எடையும் கூடிய, அதேபோல் நகரும் ஒருவர் எதிரே இருந்தால் லூயிஸ் என்ன செய்திருப்பார் என்று என்னால் வாதாட முடியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு அலி பக்கம். லூயிஸை விட்டுக்கொடுக்கும்போது எனக்கு வலித்தது.

மழை விட்டதும் பிள்ளைகள் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு களரிக்குள் இறங்கினார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவன் கையைத் தாழ்த்தி அலியைப்போல் துள்ளிப் பார்த்தான். ஆசான் அவனைக் கூப்பிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி வைத்துவிட்டு, லூயிஸின் படத்தை அவனுக்கு இன்னொருமுறை காட்டச் சொன்னார்.