நாஸ்கார் 2003ஆ, 2011ஆ?

அமெரிக்காவின் கார் பந்தயத் தொடரான நாஸ்கார் கப்பை முதன்முறையாகப் பார்க்கப் போகிறவர்கள் எந்த ஆண்டிலிருந்து தொடங்கலாம்? என் மனதில் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.

2003இல் 36 பந்தயங்களின் புள்ளிகளும் மொத்தமாகக் கூட்டப்பட்டன. ஓட்டுநர் மேட் கென்செத் லாஸ் வேகாஸில் ஒரே ஒரு முறை வென்றார். ஆனால் 25 பந்தயங்களில் முதல் பத்துக்குள் வந்து, 33 வாரங்கள் முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். எட்டு முறை வென்ற ரயன் நியூமனுக்கோ ஆறாம் இடம்தான். கடைசிப் பந்தயத்துக்கு முன்பே பட்டம் கென்செத்துக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. அடுத்த ஆண்டே விதியை மாற்றினார்கள்: கடைசி 10 பந்தயங்களுக்கு முன்னணி ஓட்டுநர்களின் புள்ளிகள் ஏறக்குறைய சமமாக்கப்பட்டன.

அந்த விதி தந்த உச்சம் 2011. முதல் 26 பந்தயங்களில் ஒன்றில்கூட வெல்லாத டோனி ஸ்டீவர்ட், கடைசிப் பத்தில் ஐந்தை வென்றார். ஹோம்ஸ்டெட்டில் நடந்த இறுதிப் பந்தயத்தை மறக்கவே முடியாது. ஏதோ சிதறல் பட்டு அவர் காரின் முன் கிரில்லில் ஓட்டை விழுந்தது. சரிசெய்துவிட்டு வந்தபோது 40ஆம் இடம். அங்கிருந்து ஒவ்வொரு காராகத் தாண்டி வென்றார்! பட்டத்துக்கு அவரோடு மோதிய கார்ல் எட்வர்ட்ஸ் இரண்டாமிடம். ஆண்டு முடிவில் இருவருக்கும் தலா 2403 புள்ளிகள். ஐந்து வெற்றிகளுக்கு எதிரே ஒரு வெற்றி என்பதால் பட்டம் ஸ்டீவர்ட்டுக்குப் போனது.

ஆண்டு முழுக்க உழைத்தவருக்கே பட்டம் என்பதில் 2003தான் நியாயமானது என்பேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது 2011; அதிலும் அந்த ஹோம்ஸ்டெட் பந்தயத்தை முழுதாகப் பாருங்கள்.