டிபீவர் இலவசப் பதிப்பு: படத்துக்காக இறக்காதீர்கள், தேடலுக்காக இறக்குங்கள்

எந்த டேபிளுக்கும் எந்த டேபிளுக்கும் தொடர்பு என்று கோடு போட்டுக் காட்டும் என்ற நம்பிக்கையில்தான் நிறையப் பேர் டிபீவரை, டேட்டாபேஸைத் திறந்து பார்க்கிற இந்தக் கருவியை, இறக்குகிறார்கள். விற்பனை, கிடங்கு, கணக்கு எல்லாம் ஓடுகிற வணிக மென்பொருளின் டேட்டாபேஸில் அந்தப் படத்தை நம்பிப் போனால் ஏமாற்றம்தான் மிச்சம். ஆனாலும் என் அலுவலகக் கணினியில் காலையில் முதலில் திறப்பது அதைத்தான், வேறு காரணங்களுக்காக.

என் வேலை சிங்கப்பூரில், உபி வட்டாரத்துப் பக்கம் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில். ஐடி பிரிவு என்று பெயர்ப்பலகையில் இருக்கும், உள்ளே ஆள் நான் மட்டும்தான். ஓடுவது எஸ்ஏபி பிசினஸ் ஒன் என்ற வணிக மென்பொருள், அடியில் டேட்டாபேஸாக மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர். சிங்கப்பூரில் இந்த மாதிரி நடுத்தர நிறுவனங்களில் இருக்கிற நம்மாட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை. ஜாவாவில் எழுதிய திறந்த மூல மென்பொருள், அப்பாச்சி 2.0 உரிமம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல்முறை இணைக்கும்போது அந்தந்த டேட்டாபேஸுக்கான ஜேடிபிசி டிரைவரை (இணைத்துவைக்கும் சிறு நிரலை) தானே இறக்கிக்கொள்ளப் பார்க்கும். அலுவலக ஃபயர்வால் அதை மறித்தால் டிரைவர் கோப்பைக் கையால் கொண்டுவந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இதை வைத்து என்ன செய்தேன் என்றால் புரியும். கணக்குப் பிரிவு அக்கா ஒருநாள் வந்து, "தம்பி, 2023 டிசம்பர்ல சாமான் போயி ஜனவரியில இன்வாய்ஸ் போட்டது எல்லாம் தனியா ஒரு லிஸ்ட் எடுத்துக் குடு. டி.ஓ. தேதி பக்கத்துலயே இருக்கணும்" என்றார். டி.ஓ. என்பது சாமானோடு போகிற டெலிவரி ஆர்டர். ஜிஎஸ்டி 2023 ஜனவரி 1 அன்று 7 சதவீதத்திலிருந்து 8 ஆனது, 2024 ஜனவரி 1 அன்று 9 ஆனது. சாமான் பழைய ஆண்டுக்குள் போய்ச் சேர்ந்து, இன்வாய்ஸும் பணமும் மட்டும் புத்தாண்டுக்குத் தள்ளிப்போயிருந்தால், விற்றவர் விரும்பினால் 8 சதவீதமே போடலாம் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் இடைமாற்ற விதி வைத்திருந்தது. ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் இந்தக் கேள்வி எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும். ஆக, எந்த டி.ஓ. எந்த இன்வாய்ஸாக மாறியது என்ற தொடர்பு எங்களுக்குக் காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

இன்வாய்ஸின் தலைப்பு டேபிள் ஓஐஎன்வி, அதன் வரிசைகள் ஐஎன்வி1. டெலிவரிக்கு ஓடிஎல்என், டிஎல்என்1. ஓஐஎன்வியைத் திறந்து இஆர் டயகிராம் (உறவுப் படம்) பக்கத்தை அழுத்தினால் வெள்ளைத் திரையின் நடுவில் ஒரே ஒரு பெட்டி. நூற்றுக்கணக்கான ஃபீல்டு பெயர்களோடு நீளமாகத் தொங்கும், அதிலிருந்து ஒரு கோடு கூடக் கிளம்பாது. ஃபாரின் கீ (ஒரு டேபிளின் ஃபீல்டு இன்னொரு டேபிளைக் காட்டுகிறது என்ற அறிவிப்பு) பக்கம் காலி, ரெஃபரன்ஸ் பக்கமும் காலி.

இது டிபீவரின் குறை இல்லை. அது டேட்டாபேஸின் மெட்டாடேட்டாவை (டேபிள்களைப் பற்றிய தகவலை) படித்துத்தான் வரைகிறது. எஸ்கியூஎல் சர்வரில் சிஸ் ஸ்கீமாவில் இருக்கிற ஃபாரின் கீஸ், ஃபாரின் கீ காலம்ஸ் என்ற இரண்டு கேட்டலாக் வியூக்கள் (டேபிள் போலப் படிக்கக்கூடிய பட்டியல்கள்), ஆரக்கிளில் ஆல் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் வியூவில் வகை ஆர் என்று குறித்தவை, இவைதான் அது படிக்கும் இடம். அங்கே யாரும் அறிவிக்காத உறவைப் படத்தில் கொண்டுவர வழியில்லை. வணிக மென்பொருள்கள் பல உறவுகளை டேட்டாபேஸில் அறிவிப்பதே இல்லை, தங்கள் நிரலுக்குள் வைத்துக்கொள்கின்றன. பெரிய எஸ்ஏபியிலும் இதே கதைதான். உறவுகளை அதன் சொந்த அகராதி டேபிள்களில், டிடி08எல் போன்றவற்றில் போய்ப் பார்க்க வேண்டும்.

படம் காலியாக இருந்தால் உடனே "ஃபாரின் கீயே இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எஸ்கியூஎல் சர்வரில் உங்களுக்கு அனுமதி இல்லாத பொருளைப் பற்றி மெட்டாடேட்டாவைக் கேட்டால் பிழைச் செய்தி வராது, ரெக்கார்டே வராது. 2005 பதிப்பிலிருந்தே அப்படித்தான். ரிப்போர்ட் எடுக்க மட்டும் என்று யாரோ உருவாக்கிக் கொடுத்த யூசரில் நுழைந்திருந்தால், முதலில் வியூ டெஃபினிஷன் (பொருளின் அமைப்பைப் பார்க்கும்) அனுமதியைக் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் பாருங்கள். டிபீவர் இதைப் பற்றி வாயே திறக்காது. காலி என்றால் காலி என்றுதான் காட்டும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு வரி எச்சரிக்கை போட்டால் புதிதாக வருகிறவர்கள் பிழைப்பார்கள்.

கோடு இருக்கிற டேட்டாபேஸிலும் அதை முழுசாக நம்ப முடியாது. மொத்தமாகத் தரவு ஏற்றும்போது கீயை அணைத்து வைத்துவிட்டு, பிறகு பழைய தரவைச் சரிபார்க்காமலே மறுபடி இயக்கிவிடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. சிஸ் ஃபாரின் கீஸில் இஸ் நாட் டிரஸ்டட் என்ற ஃபீல்டு 1 என்று இருந்தால் தரவு சரிபார்க்கப்படவில்லை என்று அர்த்தம். குவெரியை நீங்களே எழுதுவதாக இருந்தால் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா (பொதுத் தரத்தின்படி அமைந்த வியூக்கள்) பக்கம் போகாமல் சிஸ் வியூக்களிலேயே எழுதுங்கள். இரண்டு ஃபீல்டு சேர்ந்த கீயை இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் வரிசை எண்ணையும் பொருத்தாமல் இணைத்தால் இரண்டு ஜோடிக்குப் பதில் நான்கு வரும். ஃபாரின் கீ காலம்ஸில் ஒவ்வொரு ஜோடியும் ஒரு ரெக்கார்டாகத் தயாராகவே கிடக்கிறது.

இனி டிபீவர் சம்பாதிக்கிற இடத்துக்கு வருவோம். மெட்டாடேட்டா தேடல் என்று ஒன்று இருக்கிறது. டேபிள், ஃபீல்டு, வியூ, புரொசீஜர் (டேட்டாபேஸில் சேமித்த நிரல்) எது வேண்டுமோ அதை டிக் செய்துவிட்டு, பெயரின் ஒரு துண்டைக் கொடுத்தால் முழு டேட்டாபேஸையும் துழாவிப் பட்டியல் போடும். "பேஸ்" என்று ஆரம்பிக்கிற ஃபீல்டுகளைக் கேட்டதும் ஐஎன்வி1, டிஎல்என்1, ஆர்டிஆர்1 (விற்பனை ஆர்டர் வரிசைகள்) என்று விற்பனை வரிசை டேபிள்கள் எல்லாவற்றிலும் பேஸ் டைப், பேஸ் என்ட்ரி, பேஸ் லைன் என்று ஒரே மூவர் அணி வந்து நின்றது. பிசினஸ் ஒன்னின் உறவு முழுக்க இந்த மூன்றில்தான் அடங்கியிருக்கிறது. இன்வாய்ஸ் வரிசையில் பேஸ் டைப் 15 என்று இருந்தால் அது டெலிவரியிலிருந்து வந்தது, பேஸ் என்ட்ரி அந்த டெலிவரியின் டாக் என்ட்ரி என்ற உள் எண், பேஸ் லைன் அதன் வரிசை எண். 17 என்றால் நேராக விற்பனை ஆர்டரிலிருந்து வந்தது. எதிலிருந்தும் வராமல் புதிதாகப் போட்டது என்றால் -1. ரிசர்வ் இன்வாய்ஸ் போடுகிற கம்பெனிகளில் இது தலைகீழாகவும் இருக்கும்: இன்வாய்ஸ் முதலில், டி.ஓ. பிறகு, டி.ஓ. வரிசையில் பேஸ் டைப் 13. அக்காவின் லிஸ்டுக்கு இரண்டு திசையும் வேண்டும்.

ஃபாரின் கீ போடாத காரணமும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. பக்கத்து ஃபீல்டில் இருக்கிற எண்ணைப் பொறுத்து வேறு வேறு டேபிளைக் காட்டுகிற ஃபீல்டுக்கு எந்த டேட்டாபேஸிலும் சாதாரண ஃபாரின் கீ அறிவிக்க முடியாது.

அடுத்தது விர்ச்சுவல் கீ. டேட்டாபேஸில் இல்லாத உறவை டிபீவருக்குள் மட்டும் நாமே சொல்லிவைக்கலாம். அது நம் கணினியில்தான் பதிவாகும், சர்வரில் ஒரு எழுத்து கூட மாறாது. இதன் அருமை மற்ற கருவியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். மைக்ரோசாஃப்டின் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவிலும் டயகிராம் வசதி உண்டு (18.0 பதிப்பில் எடுத்துவிட்டு 18.1-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்), ஆனால் முதல் டயகிராம் போடும்போதே டேட்டாபேஸுக்குள் தனக்கென்று ஒரு டேபிளும் புரொசீஜர்களும் உருவாக்கட்டுமா என்று கேட்கும். வணிக மென்பொருள் டேட்டாபேஸில் அதற்குச் சரி என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. பிசினஸ் ஒன்னில் நேரடியாக எஸ்கியூஎல் மூலம் எழுதுவதையே எஸ்ஏபி ஆதரிப்பதில்லை, படிக்க மட்டும்தான்.

விர்ச்சுவல் கீ போட்டபின் டேட்டா பக்கத்தில் அந்த எண் லிங்க் போல ஆகிவிடும். ஐஎன்வி1-இல் பேஸ் என்ட்ரியைத் தட்டினால் ஓடிஎல்என்னின் அந்த ரெக்கார்டுக்கே போய் நிற்கும், அங்கே டாக் டேட் அப்படியே கண்முன்னால். குவெரி எழுதும் முன் பத்துப் பன்னிரண்டு டி.ஓ.வை இப்படித் தட்டித் தட்டி, அக்காவின் கையில் இருக்கிற காகித டி.ஓ.வோடு ஒப்பிட்டுவிட்டால் மனசுக்கு ஒரு நிம்மதி.

குறையும் அங்கேதான் இருக்கிறது. விர்ச்சுவல் கீயில் நிபந்தனை போட இடமில்லை. "பேஸ் டைப் 15 ஆக இருந்தால் மட்டும்" என்று சொல்ல முடியாது. ஒரே பேஸ் என்ட்ரியிலிருந்து டெலிவரிக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று என்று இரண்டு கீ போட்டால், ஆர்டரிலிருந்து வந்த வரிசையைத் தட்டினாலும் டெலிவரியில் அதே எண் கொண்ட, சம்பந்தமே இல்லாத ஒரு ரெக்கார்டைத் திறந்து காட்டும். மாமன் மகன் பெயரும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் ஒன்றாக இருப்பதால் உறவாகிவிடுமா? எண்கள் எல்லா டேபிளிலும் 1 முதல் ஓடுவதால் இந்தத் தவறான இணைப்பு எப்போதும் ஏதோ ஒரு பதிலைக் கொடுக்கும், அதுதான் ஆபத்து. டாக் நம், டாக் என்ட்ரி குழப்பமும் இதே ரகம். திரையில் மனிதர்கள் பார்ப்பது டாக் நம், டேபிள்களை இணைப்பது டாக் என்ட்ரி. மாற்றி இணைத்தாலும் குவெரி முகம் சுளிக்காமல் ரெக்கார்டு கொடுக்கும். இணைத்த பிறகு இரண்டு பக்கமும் வாடிக்கையாளர் குறியீடு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாதவற்றை எண்ணச் சொல்லுங்கள். ஒரு நிறுவனத்துக்குப் போன சாமானுக்கு வேறு நிறுவனத்துக்கு பில் போவது அபூர்வம், ஆகவே அந்த எண்ணிக்கை சுழியத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

முழு உரைத் தேடல் என்றும் ஒன்று இருக்கிறது. ஒரு டி.ஓ. எண்ணைக் கொடுத்தால் எல்லா டேபிளின் உள்ளேயும் போய்த் தேடும். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் ஆட்கள் வேலை செய்கிற நேரத்தில் ஓடுகிற சர்வரில் அதை அழுத்தாதீர்கள், டெஸ்ட் காப்பியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காப்பியைச் சொந்த மடிக்கணினிக்கு எடுத்துப் போவதும் வேண்டாம். ஊழியர் அடையாள அட்டை எண், வாடிக்கையாளர் கைப்பேசி எண் எல்லாம் அதில் இருக்கும், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் காப்பி என்பதற்காக விட்டுவிடாது.

ஸ்கீமாஸ்பை என்ற இன்னொரு இலவசக் கருவியையும் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். கட்டளை வரியில் ஓடி, முழு டேட்டாபேஸையும் இணையப் பக்கங்களாக்கித் தரும். ஃபாரின் கீ இல்லாவிட்டாலும் ஃபீல்டின் பெயரும் வகையும் இன்னொரு டேபிளின் பிரைமரி கீயோடு (ஒவ்வொரு ரெக்கார்டையும் அடையாளம் காட்டும் ஃபீல்டோடு) பொருந்தினால் உறவு இருக்கலாம் என்று ஊகிக்கும். கஸ்டமர் ஐடி, ஆர்டர் ஐடி என்று ஒழுங்காகப் பெயர் வைத்த டேட்டாபேஸில் நன்றாக வேலை செய்யும். எல்லா ஆவணத்துக்கும் பிரைமரி கீயின் பெயர் டாக் என்ட்ரி என்று இருக்கிற இடத்தில் பெயரை வைத்து ஊகிப்பது எந்த ஊருக்கும் போய்ச் சேராது.

அதைவிட டிபீவரில் வியூக்களையும் புரொசீஜர்களையும் திறந்து படிப்பதில் பலன் அதிகம். முன்னால் யாரோ ரிப்போர்ட்டுக்காக எழுதி வைத்த ஜாயின் (டேபிள்களை இணைக்கும் வரி) அதில் இருக்கும், உறவை அறிந்தவர் கையால் எழுதியது. சிஸ் எஸ்கியூஎல் மாட்யூல்ஸ் வியூவின் டெஃபினிஷனில் ஐஎன்வி1 என்று தேடினாலே போதும். டெஃபினிஷன் நல் என்று வந்தால் எழுதியவர் என்கிரிப்ட் செய்து வைத்திருக்கலாம். எங்களிடம் வெளியாள் ஒருவர் செய்து கொடுத்த கூடுதல் பகுதி அப்படித்தான் கிடக்கிறது, ஆள் இப்போது தொடர்பில் இல்லை. அதன் டேபிள்கள் @ குறியோடு ஆரம்பிப்பதால் கண்டுபிடிப்பது சுலபம். சேர்த்த ஃபீல்டுகளின் விவரம் சியூஎஃப்டி டேபிளில் இருக்கும், ஒரு ஃபீல்டை இன்னொரு டேபிளோடு முறையாக இணைத்திருந்தால் அந்த டேபிளின் பெயரும் அதிலேயே. எங்களுடையவர் அதையும் நிரப்பவில்லை.

பிசினஸ் ஒன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: வியூ மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனை இயக்கிவிட்டு எந்தக் கட்டத்தின் மேலும் மவுஸை வைத்தால் கீழே டேபிள் பெயரும் ஃபீல்டு பெயரும் வரும். எதைத் தேட வேண்டும் என்பதை அங்கே பார்த்துக்கொண்டு, எங்கெல்லாம் இருக்கிறது என்பதை டிபீவரில் தேடலாம்.

பணம் கொடுத்து வாங்கும் பதிப்பு இந்த வேலைக்குத் தேவையில்லை, மோங்கோடிபி போன்றவற்றைத் தொடுகிறவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். மெனுக்கள் எக்லிப்ஸ் என்ற நிரலெழுதும் கருவியின் வாசனையோடு அடுக்கடுக்காக இருக்கும், பழைய கணினியில் நினைவகத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளும். இணைப்பை உருவாக்கும்போதே ரீட் ஒன்லி என்று டிக் செய்துவிடுங்கள், வகையை புரொடக்ஷன் என்று வையுங்கள், திரைக்குச் சிவப்புச் சாயல் வந்துவிடும். டெஸ்ட் காப்பியும் அசலும் இரண்டு டேப்களில் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருக்கும்போது அந்தச் சிவப்பு ரொம்பவே உதவும்.