இரண்டு கறுப்புக் குதிரைகள்: ஃபெராரியா, போர்ஷேவா?

ஃபெராரி என்றாலே சிவப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் லோகோவில் சிவப்பைத் தேடிப் பாருங்கள். உச்சியில் இத்தாலியக் கொடியின் மூன்று நிறங்களில் ஒன்றாக, மெல்லிய கோடாகத்தான் கிடைக்கும். மற்றபடி முழுக்க மஞ்சள், நடுவில் கறுப்புக் குதிரை. போர்ஷே லோகோவின் நடுவிலும் அதே சங்கதிதான்: பொன்மஞ்சள் பின்னணியில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கறுப்புக் குதிரை. ஆனால் இரண்டும் வந்த வழி வேறு.

ஃபெராரியின் குதிரை ஒரு போர் விமானத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் 34 விமானங்களை வீழ்த்திய இத்தாலிய விமானி பிரான்செஸ்கோ பராக்கா தன் விமானத்தில் வரைந்து வைத்திருந்த சின்னம் அது. 1918இல் போரிலேயே அவர் இறந்துபோனார். 1923இல் ராவென்னா பக்கம் நடந்த சாவியோ கார் பந்தயத்தில், பின்னாளில் ஃபெராரி நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி ஜெயித்தபோது பராக்காவின் அப்பா அறிமுகமானார், அப்புறம் அம்மாவும். மகனின் குதிரையைக் காரில் போட்டுக்கொண்டால் ராசியாக இருக்கும் என்று அந்த அம்மா சொன்னதாக என்ஸோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மனிதர் அவசரப்படவில்லை. 1932இல் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில்தான் குதிரை களமிறங்கியது, அதுவும் அவருடைய அணி ஓட்டிய ஆல்ஃபா ரோமியோ கார்களில். மஞ்சள், அவர் பிறந்த மொடேனாவின் நிறம். பராக்காவின் குதிரைக்கு வால் கீழே தொங்கும். ஃபெராரியில் அது சிலிர்த்துக்கொண்டு மேலே ஏறியிருக்கிறது. எனக்கு இந்த லோகோவில் மிகவும் பிடித்தது அந்த வால்தான்.

போர்ஷேவின் கதையில் இத்தனை உருக்கம் கிடையாது. காரை அமெரிக்காவில் விற்றுவந்த மேக்ஸ் ஹாஃப்மன், வண்டிக்கு எடுப்பாக ஒரு சின்னம் வேண்டும் என்று கேட்டார். 1952இல் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஃபிரான்ஸ் சேவியர் ரைம்ஸ்பீஸ் வரைந்து கொடுத்தார். நடுவில் போர்ஷேவின் சொந்த ஊரான ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரச் சின்னத்தின் குதிரை. சுற்றிலும் எதிரெதிர் மூலைகளில் மான்கொம்புகளும் சிவப்பு, கறுப்புப் பட்டைகளும். அவை அந்த ஊர் இருக்கும் வூர்ட்டம்பெர்க் பகுதியின் அடையாளங்கள். மேலே போர்ஷே என்று எழுத்து. குதிரையின் தலைக்கு மேல் ஸ்டுட்கார்ட் என்று இன்னொரு எழுத்து. கல்யாணப் பத்திரிகையில் ஒரு சொந்தக்காரர் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று அச்சடித்த மாதிரி.

பெயர்களிலும் ஒரு வேடிக்கை. ஸ்டுட்கார்ட் என்ற ஊர்ப் பெயரே பெண்குதிரைப் பண்ணையிலிருந்து வந்தது. ஃபெராரி கேடயத்தின் அடியில் உள்ள எஸ், எஃப் எழுத்துகளில் எஸ் என்பது ஸ்குதேரியா, அதாவது குதிரை லாயம்.

சரி, எது நல்ல லோகோ? இரண்டையும் செல்போன் திரையில் நகத்தளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். ஃபெராரி அப்படியே நிற்கிறது. போர்ஷேவில் குதிரை காணாமல் போய், சிவப்பும் கறுப்பும் பொன்னுமாக ஒரு கலவைதான் மிஞ்சுகிறது. குதிரையை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தாலும் இதே முடிவுதான். ஃபெராரி குதிரையை வெறும் நிழலுருவாகக் காட்டினாலே தெரிந்துவிடும். போர்ஷே குதிரையைத் தனியாகக் காட்டினால், "எந்தக் குதிரை?" என்பார்கள்.

ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் என் ஓட்டு போர்ஷேவுக்குத்தான். அது முதலில் உட்கார்ந்த இடம் ஸ்டியரிங்கின் நடு. பிறகு 356 மாடலின் பானட்டைத் தூக்கும் கைப்பிடி. இரண்டுமே கை படுகிற இடங்கள். புடைத்த எழுத்தும் குழிந்த பட்டையுமாக, விரலால் தடவிப் பார்க்கச் செய்த பொருள் அது. 2023இல் புதுப்பித்தபோதும் தட்டையாக்காமல், சிவப்புப் பட்டைகளுக்குள் தேன்கூட்டு வடிவத்தைப் புகுத்தினார்கள். மற்ற பல கார் நிறுவனங்கள் லோகோவைத் தட்டிச் சப்பையாக்கிக்கொண்டிருந்த காலத்தில் இது துணிச்சல்தான். ஃபெராரியிலோ, முன்சக்கரத்துக்குப் பின்னால் பதிக்கும் அந்தக் கேடயத்துக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள்.

ஃபெராரி ஒன்று நம்மைத் தாண்டிப் போனால் பின்புறத்தில் மஞ்சளே இருக்காது. வெள்ளி நிறத்தில் வெறும் குதிரை மட்டும். போர்ஷேவின் பின்புறத்தில் குதிரையே இல்லை, பெயரை எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறார்கள்.