ஸ்டேடியம் டான்ஸுக்கு பட்டா, பாலியெஸ்டரா?

2010 காமன்வெல்த் கேம்ஸ் ஓப்பனிங் நடந்த டெல்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் மாதிரி பெரிய இடத்துல நூத்துக்கணக்குல பேர் பரதம் ஆடறாங்கன்னா டிரெஸ் பட்டுல தைக்கறதா, பாலியெஸ்டர் சாட்டின்லயான்னு இங்க கரோல் பாக் பக்கம் டான்ஸ் கிளாஸ் நடத்தற அக்காங்க கேட்டுட்டே இருக்காங்க.

பட்டோட அழகே தனி, முட்டிய வெளிப்பக்கமா மடக்கி அரைமண்டில உக்காந்ததும் முன்னாடி இருக்கற விசிறி மடிப்பு விரிஞ்சு ஜரிகை மின்னும் பாருங்க, கண்ணு நிறைஞ்சிடும். ஆனா அக்டோபர் ஆரம்பத்துலயும் டெல்லில சூடு போகாது, ரிகர்சல் வேற நாள் கணக்கா நடக்கும், வேர்வைல அக்குள் பக்கம் கறை விழுந்து தையல் கிட்ட நைஞ்சு போயிடும், வீட்ல தண்ணில அலசவும் பயம். அத்தனை டிரெஸ்ஸுக்கும் ஒரே சாயத்துல பட்டு கிடைக்கறதும் கஷ்டம்.

பாலியெஸ்டர் காத்து விடாது, உடம்பெல்லாம் கசகசக்கும், உள்ள காட்டன் லைனிங் கண்டிப்பா வேணும். ஆனா ராத்திரி துவைச்சா காலைல காஞ்சிடும், சூடு வெச்ச மடிப்பு அப்படியே நிக்கும், விலையும் கம்மி. கேலரிலேந்து பாக்கறவங்களுக்கு கலர்தான் தெரியும், நெசவு தெரியாது.

என் ஓட்டு: கூட்டத்துக்கு பாலியெஸ்டர், பழைய டெல்லி கினாரி பஜார்ல அகல ஜரிகை பார்டர் வாங்கி வெச்சு தைங்க. கேமரா க்ளோஸப்ல வர்ற முன்வரிசைக்கு மட்டும் அசல் பட்டு. சின்னப் பசங்க ஆடறாங்கன்னா அவங்களுக்கு பட்டு வேண்டவே வேண்டாம், பாவம்.