பழைய மோட்டார்ஹோம் என்ஜினை ரீபில்டுக்குக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

ரீபில்ட் செய்த, அதாவது பிரித்துப் புதுப்பித்த, என்ஜின் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும் அந்த அரை மணி நேரத்தில் நேரில் நிற்க விடாத ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் கொடுக்காதீர்கள். கலிபோர்னியாவில் ஒரு இடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வருகிறேன் என்று கேட்டேன், இன்சூரன்ஸ் காரணம் சொல்லி மறுத்தார்கள். பில்லில் ‘பிரேக்-இன்’ (புதுப் பாகங்களை முதலில் முறைப்படி ஓட்டிப் பழக்குவது) என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு அதைச் செய்யவே இல்லை.

என்னுடையது 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம் (உள்ளேயே வீடு போல வசதியுள்ள வண்டி), 26 அடி நீளம். 1973 முதல் 1978 வரைதான் இந்த வண்டி வந்தது. முன்சக்கரம் இழுக்கும் வண்டி, உள்ளே ஓல்ட்ஸ்மொபில் 455, அதாவது ஏழரை லிட்டர் வி8. இப்போதைய பல என்ஜின்களில் இருக்கும் ரோலரெல்லாம் இதில் கிடையாது, வால்வைத் திறக்கத் தள்ளும் லிஃப்ட்டரின் அடிப்பாகம், அதைத் தூக்கிவிடும் கேம் தண்டின் மேல் நேராக உரசிக்கொண்டேதான் ஓடும். அதனால் புதுக் கேமும் லிஃப்ட்டரும் போட்டால் ஸ்டார்ட் ஆன உடனே 2,000-2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, இருபது முப்பது நிமிடம் அங்கேயே கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். கேமுக்கு ஆயில் பெரும்பாலும் கீழே கிராங்க் தண்டு சுழன்று தெறிப்பதில்தான் கிடைக்கிறது, ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும் ஐடிலில் அந்தத் தெறிப்பு போதாது. ஆயிலும், உரசும் இடம் தேயாமல் காக்கும் சிங்க் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயிலாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கெடக் கூடாது என்று பாஸ்பரஸை 800 பிபிஎம்முக்குள் வைத்திருக்கிறார்கள், இரண்டும் ஒரே சேர்க்கைப் பொருளில் வருவதால் அதோடு சிங்க்கும் குறைந்துவிடும்.

இவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அவர்களே அனுப்பிய வீடியோ இருக்கிறது. ‘முதல் ஸ்டார்ட்’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள், ஆர்பிஎம் மீட்டர் 700-இல் நிற்கிறது, ஒருவர் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருக்கிறார், இன்னொருவர் எவ்வளவு ஸ்மூத் பாருங்கள் என்கிறார். பில்லில் ஆயில் என்று போட்டிருந்தது சாதாரண 5டபிள்யூ-30.

வண்டியைக் கொடுக்கும்போது, முதல் 500 மைல் 45 மைல் வேகத்துக்கு மேல் போகாதீர்கள், லோடு கொடுக்காதீர்கள் என்று வேறு எழுதிக் கொடுத்தார்கள். இதுவும் தப்பு. எரியும் வாயுவின் அழுத்தம் பின்னாலிருந்து தள்ளினால்தான் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு செட் ஆகும். மிதமாக ஆக்சிலரேட்டர் கொடுத்து வேகம் ஏற்றி, காலை எடுத்துத் தானாக இறங்கவிட்டு, திரும்பத் திரும்ப அப்படி ஓட்ட வேண்டும். நீண்ட மலையேற்றம் மட்டும் ஆரம்பத்தில் வேண்டாம், இவ்வளவு கனமான வண்டியில் சூடு ஏறிவிடும். பொத்திப் பொத்தி ஒரே வேகத்தில் ஓட்டினால் சிலிண்டர் சுவரில் ஆயிலைப் பிடித்து வைக்கக் கீறியிருக்கும் ஹோனிங் கோடுகள் மழுங்கிப் பளபளப்பாகி, பிறகு காலத்துக்கும் ஆயில் குடிக்கும்.

கொஞ்ச தூரத்திலேயே டிக் டிக் என்று சத்தம். வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளைப் பிரித்து வெயிலில் காட்டினார், உள்ளே முழுக்க மினுமினுவென்று சாம்பல் நிறத் தூள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் முள்முள்ளாக நிமிர்ந்து ஒட்டிக்கொண்டது. காந்தம் பிடித்தால் இரும்பு, பேரிங் மெட்டலைக் காந்தம் பிடிக்காது. கேமை வெளியே எடுத்தால் லிஃப்ட்டரைத் தூக்கும் மேடுகளான லோப்புகளில் மூன்றில் மூக்கே இல்லை. லேசாகக் குவிந்திருக்க வேண்டிய லிஃப்ட்டர் அடிப்பாகம் குழிந்துபோயிருந்தது. உதிர்ந்த தூள் ஆயிலோடு எல்லா இடத்துக்கும் போயிருப்பதால் முழு என்ஜினையும் மறுபடி பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

பழைய ஒர்க்‌ஷாப்காரர், நீங்கள் விரட்டி ஓட்டியிருப்பீர்கள், தேய்மானத்துக்கு வாரண்டி இல்லை என்று கையை விரித்துவிட்டார். 45-க்கு மேல் போகாதே என்று எழுதிக் கொடுத்ததும் அவரேதான்.

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு: வேலை தொடங்கும் முன் எழுத்தில் எஸ்டிமேட் தருவது சட்டப்படி கட்டாயம். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் உண்டு, ஆனால் வேலை கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். எஸ்டிமேட்டிலேயே எந்த ஆயில், எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு நேரம் என்று எழுதச் சொல்லுங்கள். ரிப்பேர் கடைகளைக் கண்காணிக்கும் மாநில அரசின் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் பியூரோவில் புகார் கொடுக்கக் காசு கிடையாது, நான் கொடுத்துவிட்டேன். அதில் நடக்காவிட்டால் சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், தனிநபருக்கு 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம். வீடியோ, பில், வெட்டிய ஃபில்டர், தேய்ந்த கேம் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. 455 வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கேளுங்கள், கேமின் போட்டோ அனுப்புகிறேன், மெக்கானிக்கிடம் காட்டிப் பேசலாம்.