மாலூர் பக்கத்து பண்ணை: கூடை சுமார், ஆனா ஒரு தடவை போயிட்டு வாங்க

பெங்களூர்ல வைட்ஃபீல்டு, கேஆர் புரம், மாரத்தஹள்ளி பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அந்த மாலூர் பக்கத்து இயற்கை பண்ணைல காய்கறி கூடைக்கு மாசாமாசம் பணம் கட்டலாமா, ஞாயித்துக்கிழமை பசங்கள கூட்டிட்டுப் போனா வொர்த்தான்னு. ரெண்டும் வேற வேற கேள்வி. கூடைக்கு அஞ்சுக்கு மூணு, பண்ணைக்கு அஞ்சுக்கு நாலரை. பண்ணை பேரை இங்க போடல, போடாதீங்கன்னு பண்ணைக்காரங்களே கேட்டுக்கிட்டாங்க, யாரோ ரீல் போட்டு ஒரே நாள்ல ஏகப்பட்ட கார் வந்து பக்கத்து நிலத்துக்காரர் ராகிய மிதிச்சு நாசம் பண்ணிட்டாங்களாம். மாலூர் ஸ்டேஷன்ல இறங்கி ஆட்டோக்காரர் கிட்ட தமிழ் அக்கா தோட்டம்னு சொல்லுங்க, கொண்டு போய் விட்டுருவாரு.

மொத்தமே அஞ்சு ஏக்கர் சொச்சம்தான். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் நடத்துறாங்க. அக்கா கேஜிஎஃப்காரங்க, அதான் கோலார் தங்கவயல், அவங்கப்பா அங்க தங்க மைன்ஸ்ல இருந்தவர், 2001-ல மைன்ஸ மூடுனதுக்கப்புறம் அந்த ஊர்ல பாதி ஜனம் மாதிரி இவங்களும் விடியக்காலைல ரயில் புடிச்சு பெங்களூர் வந்து வேலை பார்த்து ராத்திரி வீடு போய் சேர்ந்தவங்க. அண்ணன் மாலூர் பக்கத்து ஊர்க்காரர், வீட்ல தெலுங்கு, ஊர்ல கன்னடம், நம்ம கிட்ட அவரே ஒரு தினுசா தமிழ். நிலம் அவங்க தாத்தா காலத்துது, நடுவுல நீலகிரி மரம் போட்டு விட்டுட்டாங்க, கோலார் ஜில்லா பூரா ஒரு காலத்துல அந்தக் கதைதான், ஆள் கூலி இல்ல, தண்ணி பாய்ச்ச வேணாம், வெட்டுனா காசு. 2017-ல கர்நாடக அரசு புதுசா நீலகிரி நட தடை போட்டுச்சு, இவங்க அதுக்கு முன்னாடியே வெட்டிட்டாங்க, ஆனா வெட்டுறது ஈஸி, வேரை எடுத்துட்டு அந்த மண்ணை திரும்ப மண்ணாக்குறதுக்குத்தான் கையில இருந்த காசெல்லாம் போச்சுன்னு அக்கா சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க.

இப்ப கூடை விஷயம். வாரத்துக்கு ஒண்ணு, சனிக்கிழமை காலைல காடுகோடி மெட்ரோ கிட்ட நாமளே போய் வாங்கிக்கணும், வீட்டுக்கு டெலிவரி கிடையாது. உள்ள என்ன இருக்கும்னு நம்ம கையில இல்ல, நிலத்துல என்ன வருதோ அதுதான். மழை சீசன்ல தண்டுக்கீரை, சப்பசிகே சொப்பு (சதகுப்பைக் கீரை), வெந்தயக்கீரை, முள்ளங்கி, அடுத்த வாரம் திரும்ப முள்ளங்கி, அதுக்கடுத்த வாரம் முள்ளங்கியும் முள்ளங்கிக் கீரையும். உருளை, வெங்காயம், கேரட் எல்லாம் வெளிலதான் வாங்கணும், கூடை விலைய பார்த்தா தெருக்கோடி கடைய விட ஒன்றரை மடங்கு ஆகுது. சமைக்கறதுக்கு ஆள் இல்லாத வீடு, ரெண்டு பேரும் ஆபீஸ் போய் எட்டு மணிக்கு வர்ற வீடுன்னா தயவுசெஞ்சு போடாதீங்க, கீரை ஃப்ரிட்ஜ்ல கருப்பாகி நீங்களும் அவங்கள திட்டுவீங்க. எங்க வீட்ல மாமியார் இருக்காங்க, அதனால ஓடுது. கீரை மட்டும் உண்மையிலயே வேற லெவல், மூணு நாள் கழிச்சும் தண்டு நறுக்குனா மொறுக்குனு சத்தம் வருது, அது சனிக்கிழமை விடியக்காலைல அறுக்கறதால.

ஆர்கானிக்னு சர்டிபிகேட் இருக்கான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு, நியாயமான கேள்வி. எங்க ஏரியாலயே ஒரு கடைல ஆர்கானிக்னு எழுதி வச்சு மண்டில வாங்குன காயை டபுள் விலைக்கு விக்கறான். இவங்க பிஜிஎஸ் குரூப்ல இருக்காங்க, அதாவது சுத்துப்பட்டு விவசாயிங்க சேர்ந்து ஒருத்தர் நிலத்தை ஒருத்தர் போய் பார்த்து கையெழுத்து போடற சிஸ்டம். கடைல பாக்கெட்ல வாங்குனா ஜைவிக் பாரத் லோகோ, அதாவது ஆர்கானிக்குக்கு அரசு கொடுக்கற முத்திரை, இருக்கான்னு பாருங்க, ஆனா வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள்ள வியாபாரம் பண்ற சின்ன விவசாயி நேரா நம்ம கிட்ட வித்தா சர்டிபிகேட் இல்லாமலே ஆர்கானிக்னு விக்கலாம், லோகோ மட்டும் போடக்கூடாது, அதான் ரூல். லேப் ரிப்போர்ட்தான் வேணும்னு நினைக்கறவங்களுக்கு இது பத்தாது, எனக்கு போதும், ஏன்னா எப்ப வேணா போய் நின்னு பார்க்கலாம், ஒரு இடத்தையும் பூட்டி வைக்கல.

கூடைய விடுங்க, ராகி வாங்குங்க. மழைக்காலத்துல போனீங்கன்னா நிலத்தை பார்த்தாலே புரியும், வெறும் ராகி மட்டும் போட மாட்டாங்க, அந்தப் பக்கத்து பழைய முறை, அக்கடி சாலுன்னு, சில வரிசை ராகி, நடுவுல ஒரு வரிசை அவரை, துவரை, கடுகு, பேயெள்ளு, ஓரத்துல சுத்தி ஆமணக்கு. பேயெள்ளு மஞ்ச மஞ்சயா பூத்து நிக்கும்போது தேனீ சத்தம் வரப்புல நடந்தாலே கேக்கும். மழை பொய்ச்சு ராகி கம்மியானாலும் துவரையோ அவரையோ வீட்டுக்கு சோறு போடும், ஒண்ணுல போனா ஒண்ணுல வரும். அங்க போர் 1,200 அடிக்கு மேல போயிருச்சு, அதையும் நம்ப முடியாம கிருஷி ஹொண்டா (பண்ணைக் குட்டை) வெட்டி மழைத்தண்ணி புடிச்சு வச்சிருக்காங்க, அப்படி இருக்க மானாவாரில இந்த மாதிரி கலந்து போடறதத் தவிர வேற வழியும் இல்ல. டிசம்பர் ஜனவரில அவரைக்காய் வரும், அந்த சீசன்ல மட்டும் கூடைக்கு என் மார்க் நாலு. மாமியார் ஊறவச்சு தோலை பிதுக்கி பிதுக்குப்பருப்பு குழம்பு வச்சாங்கன்னா பக்கத்து வீட்டு கன்னடக்கார ஆன்ட்டி கிண்ணத்தோட வந்துருவாங்க.

சரி, ஞாயித்துக்கிழமை. மாசத்துல ஒரு ஞாயிறு திறந்து விடறாங்க, சாப்பாட்டோட பெரியவங்களுக்கு 350 ரூபா, பசங்களுக்கு பாதி. ரெண்டு ஹள்ளிகார் மாடு இருக்கு, பால் அதிகம் கறக்காது, சாணிக்கும் கோமியத்துக்கும்தான். ஜீவாமிர்தம்னு மண்ணுக்கு ஊத்தற கரைசல் பண்ணிக் காட்டுவாங்க, 200 லிட்டர் ட்ரம்ல 10 கிலோ சாணி, அஞ்சு பத்து லிட்டர் கோமியம், ரெண்டு கிலோ வெல்லம், ரெண்டு கிலோ பயத்தம்மாவு, ஒரு புடி வரப்பு மண்ணு, இது ஒரு ஏக்கருக்கு, இயற்கை விவசாயத்தைப் பரப்புன சுபாஷ் பாலேக்கர் சொன்ன கணக்கு. பசங்கள கையால சாணிய கரைக்க விடறாங்க, முதல்ல அய்யய்யோன்னு கத்துன என் பொண்ணு அப்புறம் முழங்கை வரைக்கும் விட்டுட்டு எடுக்க மாட்டேன்னுட்டா. ரெண்டு நாள் முன்னாடி கரைச்சு வச்ச ட்ரம்ம தொறந்து காட்டுனாங்க, மேல நுரை கட்டி சின்னச் சின்ன குமிழா வெடிச்சுக்கிட்டு, நாத்தம் அடிக்கும்னு மூக்கை மூடுனா அடிக்கல, புளிச்ச மாவு வாசனை மாதிரி ஒண்ணு.

சாப்பாடு ஊர் மகளிர் சங்கத்து அம்மாங்க சமைக்கறாங்க, அந்தக் காசு நேரா அவங்களுக்கே போகுது. ராகி களி, கீரை வேகவச்ச தண்ணில பஸ்ஸாரு, பேயெள்ளு சட்னிப்பொடி, மோர். களிய மென்னு தின்னா அங்க இருக்குற அஜ்ஜி (பாட்டி) தலைல அடிச்சுக்கறாங்க, முழுங்கணும்.

எனக்கு புடிக்காத ஒரே விஷயம் அண்ணனோட பேச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி முக்கா மணி நேரம், வெயில்ல. மண்ணைப் பத்தி, காய்ஞ்ச இலை தழை போட்டு மண்ண மூடற மூடாக்கைப் பத்தி பேசும்போது நல்லாத்தான் போகுது, திடீர்னு ராகி சாப்ட்டா சுகர் போயிரும், கேன்சர் வராதுன்னு கெளம்பிடறாரு. ராகில 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்குங்கறது நிஜம், அரிசியெல்லாம் பக்கத்துல கூட வராது, அதைச் சொன்னா போதாதா அண்ணா. மாத்திரைய நிறுத்திட்டு களி சாப்பிடற ஆளுங்க நம்ம சொந்தத்துலயே இருக்காங்க, அவங்க காதுல இது விழக்கூடாது.

ஆனா நான் நாலரை போட்டது நமக்காக நடத்தற ஞாயித்துக்கிழமைக்கு இல்ல. நாம பார்க்காத நாள்ல நடக்கறதுக்கு. ஊர் கவர்மென்ட் ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள ஒரு துண்டு நிலத்துல பசங்களே கீரை, முருங்கை, கத்திரி போட்டிருக்காங்க, விதையும் நாத்தும் இங்கிருந்து போகுது, வந்த காய் மத்தியான பிசியூட்டத்துல (நம்ம சத்துணவு மாதிரி) சாம்பாருக்குப் போயிருது. போர்டு வைக்கல, போட்டோ புடிக்கல. யுகாதி சமயத்துல விதை கொடுக்கறாங்க, பணம் வாங்கறதில்ல, ஒரு படி வாங்குனா அறுப்பு முடிஞ்சு ரெண்டு படி திருப்பிக் கொடுக்கணும், யாரு வாங்குனா யாரு இன்னும் தரலன்னு சுவத்துலயே கரியால எழுதி வச்சிருக்கு. மானம் போகுதுன்னே எல்லாரும் திருப்பித் தந்துடறாங்களாம்.

அதை விட பெருசு தக்காளிக்காரங்க விஷயம். கோலார்னா தக்காளி, அங்க மண்டில 15 கிலோ பெட்டிக் கணக்கு, 2023 ஜூலைல ஒரு பெட்டி 2,000 ரூபா தாண்டுச்சு, வேற வருஷங்கள்ல அதே ஆளுங்க ரோட்டோரம் கொட்டிட்டுப் போனாங்க. 2014-ல டூட்டான்னு ஒரு புழு நம்ம நாட்டுக்குள்ள வந்து இலைக்குள்ள புகுந்து பச்சைய சுரண்டித் தின்ன ஆரம்பிச்சதுலருந்து மருந்து அடிக்கற செலவு அங்க எகிறிப் போச்சு. இவங்க யாரு கிட்டயும் போய் மருந்து அடிக்காதீங்கன்னு சொல்றதில்ல. நான் ஒரு சாயங்காலம் ராகி எடுக்கப் போனப்ப பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் பைக்க நிறுத்திட்டு நேரா கேட்டாரு, அக்கா நீங்க சொல்றதெல்லாம் சரி, இதுல எனக்கு பேங்க் வட்டி கட்ட முடியுமான்னு. அக்கா ஒண்ணும் பேசல, உள்ள போய் கணக்கு நோட்ட எடுத்துட்டு வந்து திண்ணைல விரிச்சு வச்சாங்க, நஷ்டமான வருஷத்தோட. அந்தாளு விரலை வச்சு வரி வரியா படிச்சாரு, மூணு இடத்துல நிறுத்தி கேள்வி கேட்டாரு. கடைசில, ஒரேயடியா மாற வேணாம், கால் ஏக்கர்ல இனக்கவர்ச்சிப் பொறி, அதாவது வாசனை காட்டி ஆண் பூச்சிய இழுக்கற பொறி, மட்டும் வச்சு பாருங்க, எத்தனை அந்துப்பூச்சி விழுதோ அதைப் பார்த்துட்டு அப்புறம் மருந்த முடிவு பண்ணுங்கன்னு சொல்லி ரெண்டு பொறிய கையில கொடுத்து அனுப்புனாங்க. நம்ம ஊர்ல இயற்கை விவசாயம்னு மைக் புடிக்கறவங்க எத்தனை பேரு நோட்ட விரிச்சுக் காட்டுவாங்க சொல்லுங்க. என் கூடைக் காசு அந்த பொறிக்குப் போகுதுன்னா முள்ளங்கிய நான் பொறுத்துக்கறேன்.

போறவங்களுக்கு: வைட்ஃபீல்டுலருந்து மெமு (லோக்கல் ரயில்) புடிச்சா மாலூர், கார்ல போய் ஒஸ்கோட்டை டிராஃபிக்ல மாட்டாதீங்க. முன்னாடியே போன் பண்ணி சொல்லிடணும், சும்மா போய் நின்னா சாப்பாடு கிடையாது. டாய்லெட் ஒண்ணுதான், இந்தியன், சுத்தமா இருக்கு, முட்டி வலி இருக்குற பெரியவங்க யோசிச்சுக்குங்க. ஜிபே ஓடும், சிக்னல் இருந்தா. உங்க அபார்ட்மென்ட்ல கூட்டுற காய்ஞ்ச இலைய மூட்டை கட்டி கொண்டு போனா மூடாக்குக்கு சந்தோஷமா வாங்கிக்கறாங்க, பிளாஸ்டிக் கவர் கலந்திருந்தா மூட்டையோட திருப்பி உங்க டிக்கிலயே ஏத்திடுவாங்க, எங்க அசோசியேஷன் செக்ரட்டரிக்கு அது நடந்துச்சு.