யார் தந்த பணம், எதற்காக: தொண்டு நிறுவனக் கணக்குக்குக் குனுகேஷ்

வங்கி இருப்பைப் பார்த்து நிறுவனத்தின் நிலையை எடைபோடும் வழக்கம் வணிகத்தில் ஓரளவு செல்லுபடியாகலாம். தொண்டு நிறுவனத்தில் அது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும். இருப்பில் ஒரு பகுதி நூலகத்துக்கென்றும், இன்னொரு பகுதி குறிப்பிட்ட மாணவர்களின் உதவித்தொகைக்கென்றும் நிபந்தனையோடு வந்திருக்க, சம்பளத்துக்கும் வாடகைக்கும் தாராளமாக எடுக்கக்கூடிய பொது நிதி சிறு பங்காகவே எஞ்சியிருக்கும். எனவே ஒவ்வொரு தொகையும் யார் தந்தது, எதற்காகத் தந்தது, அதில் இன்னும் எவ்வளவு மீதம் என்ற கேள்விக்கு உடனே விடை தருகிறதா என்பதே, ஒரு சிறு அமைப்பின் பொருளாளராக, குனுகேஷ் மென்பொருளுக்கு நான் வைத்த முதல் சோதனை.

1998இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த குனுகேஷ் (GnuCash), கணக்கு எழுதுவதற்கான ஒரு கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கட்டணமின்றி இயங்குகிறது. தனிநபர்களையும் சிறு வணிகங்களையும் மனத்தில் வைத்து உருவானதால், நிதிவாரியாகக் கணக்கு வைக்கும் வசதி அதில் தனியாக இல்லை. ஆனால் அதன் அடிப்படை, ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரு கணக்குகளிலும் எழுதும் கண்டிப்பான இரட்டைப் பதிவு முறை. கணக்குத் தலைப்புகளை மரக்கிளைபோல ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கவும் இடம் தருகிறது. இந்த இரண்டும் இருந்தால் மீதியை நாமே அமைத்துக்கொள்ளலாம்.

மென்பொருளில் வங்கிக் கணக்கின்கீழ், குறிப்பிட்ட பணிக்கென்று வரும் ஒவ்வொரு மானியத்துக்கும் ஒரு துணைக் கணக்கும், பொது நிதிக்கு ஒன்றும் திறந்தேன். வரவும் செலவும் உரிய துணைக் கணக்கின் வழியாகவே நடக்க வேண்டும் என்பதே விதி. எல்லாத் துணைக் கணக்குகளின் கூட்டுத்தொகை வங்கி அறிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். சரிபார்க்கும்போது துணைக் கணக்குகளையும் சேர்த்துக்கொள்ளும் தேர்வு இருப்பதால் அந்த வேலை எளிதாகவே முடிகிறது.

இந்த அமைப்பின் உண்மையான பயன், செலவு செய்த பிறகே பணம் தரும் மானியங்களில்தான் எனக்குப் புரிந்தது. அத்தகைய மானியத்தின் துணைக் கணக்கு, பணம் வரும்வரை சிவப்பு எழுத்தில் எதிர்மறை இருப்பைக் காட்டிக்கொண்டிருக்கும். முதலில் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்த்தேன். பிறகுதான், நம் பொது நிதி அந்த மானியத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கும் தொகை அது என்பது உறைத்தது. அந்தச் சிவப்பு எண் பொது நிதியின் இருப்பை நெருங்கும் மாதத்தில், கையில் எத்தனை மானிய ஒப்பந்தங்கள் இருந்தாலும், சம்பளம் தவறும். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நீண்ட அறிக்கைகளைவிட இந்த ஒரு எண்ணே அதிகக் கேள்விகளை எழுப்பியது.

பொதுச் செலவுகளைப் பங்கிடுவதில் சற்றுக் கவனம் தேவை. ஐந்து மானியங்களுக்கும் பன்னிரண்டு செலவுத் தலைப்புகளுக்கும் தனித்தனிக் கிளை திறந்தால் அறுபது கணக்குகள் உருவாகிவிடும், அதற்கு அவசியமில்லை. பரிவர்த்தனை அறிக்கையில் எதிர்க் கணக்கை, அதாவது பணம் எடுக்கப்பட்ட துணைக் கணக்கைக் கொண்டு வடிகட்டினால், ஒரு மானியத்திலிருந்து எந்தெந்தத் தலைப்பில் செலவானது என்பது தெரிந்துவிடும். ஆனால் வாடகையை ஒரே பதிவில் மூன்று நிதிகளுக்குப் பிரித்து எழுதினால், இந்த வடிகட்டல் முழு வாடகையையும் ஒரே மானியத்தின் கணக்கில் காட்டக்கூடும். ஆகவே மூன்று தனிப் பதிவுகளாக எழுதுவதே நல்லது. திட்டமிட்ட பதிவுகளாக அமைத்துவிட்டால் மாதந்தோறும் தட்டச்சு செய்யும் சுமையும் குறையும்.

குறைகளும் சிறியவை அல்ல. வரவுசெலவுத் திட்டம் கணக்குத் தலைப்புவாரியாக மட்டுமே அமைகிறது. நன்கொடையாளர் கேட்கும் மானியவாரியான ஒப்பீட்டை விரிதாளில்தான் தயாரிக்க வேண்டியிருக்கிறது. நன்கொடையாளர் பதிவேடும் இல்லை. வாடிக்கையாளர் பகுதியை அதற்குப் பயன்படுத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை.

இதைவிடக் கவலைக்குரியது கட்டுப்பாடு. பயனர்வாரியான அனுமதிகள் இல்லை, ஒரே நேரத்தில் இருவர் எழுதவும் முடியாது, பழைய பதிவை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். குறிப்பிட்ட நாட்களுக்கு முந்தைய பதிவுகளைப் பூட்டும் அமைப்பும், தவறான பதிவை நீக்காமல் காரணத்தோடு செல்லாததாக்கும் வசதியும் இருக்கின்றன என்றாலும், அந்தப் பூட்டைத் திறப்பவரைத் தடுக்க எதுவும் இல்லை. அதனால் கணக்கு எழுதுபவர் ஒருவர், காசோலையில் கையெழுத்திடுபவர் வேறொருவர், மாத முடிவில் வங்கி அறிக்கையோடு ஒப்பிடுபவர் மூன்றாமவர் என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம்.

ஒரே கணக்கரும், விரல்விட்டு எண்ணக்கூடிய மானியங்களும் கொண்ட அமைப்புக்கு இது தாராளமாகப் போதும். பல கிளைகளில் பலர் ஒரே நாளில் பதிவு செய்ய வேண்டிய நிலை வந்துவிட்டால், நிதிவாரிக் கணக்குக்கென்றே உருவான கட்டண மென்பொருளுக்கு மாறி, அந்தக் கட்டணத்தை அடுத்த மானிய விண்ணப்பத்திலேயே நிர்வாகச் செலவாகக் கேட்டுவிடலாம்.